நாளொரு ஓலை

நுழையும்முன்
பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் ஓலையில் எழுதினார்கள், கூரை வேய்ந்தார்கள், பெட்டியும் பாயும் விசிறியும் முடைந்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பிழைப்பாக இருந்த ஓலைமுடைதலை, அடுத்த தலைமுறை உதறித் தள்ளியது. அதற்கும் அடுத்த தலைமுறைப் பெண்ணொருத்தி அதை மீண்டும் கையில் எடுத்தாள். அந்த 48 நாள்களைப் பற்றியது இக்கட்டுரை.

மருந்து உண்போரும் நோன்பு இருப்போரும் ஒரு மண்டலம் என 48 நாள்களைக் கணக்கிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். பாளையங்கோட்டையில் கணக்கர் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி, தன் முப்பத்து நான்காம் வயதில், அந்தக் கணக்கை ஓலைக்குப் பொருத்தினாள். நாளுக்கு ஒரு பொருள். பனையோலையில், வீட்டில் இருந்தபடி, தன் கையால், அன்றைய பொழுது முடிவதற்குள். ஐப்பசியின் நடுவில் தொடங்கினால் மார்கழி பிறந்த சில நாள்களில் மண்டலம் நிறைந்துவிடும். மழைக்காலம், மாலையில் வெளியே செல்லும் வேலை குறைவு. அவளுக்கு அது வசதியாகப் பட்டது.

நாள்தோறும் ஒன்றைச் செய்துமுடிப்பதாக உறுதி எடுத்துக்கொள்வதும், அதை நண்பர்களிடம் சொல்லிவைப்பதும் இப்போது பரவலாக இருக்கின்றன. ஓவியம் வரைவோரும் பூத்தையல் போடுவோரும் தாளை மடித்துப் பொம்மை செய்வோரும் இத்தகைய அறைகூவலைத் தமக்குத்தாமே விடுத்துக்கொள்கின்றனர். பழக்கம் புதிதெனத் தோன்றினாலும் நம் தெருக்களுக்கு இது புதிதன்று. விடியுமுன் வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்கள், ஆண்டு முழுவதும் நாளொரு கைவினை செய்துவருகின்றனர். அதை எவரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வெயில் ஏறுமுன் அது மிதிபட்டு அழிந்தும் போகிறது. மறுநாள் வாசல் மறுபடியும் வெறுமையாக நிற்கிறது.

அவளை ஓலையிடம் கொண்டுசேர்த்தது பொழுதுபோக்கு ஆசையன்று. வீட்டில் ஆச்சி இருந்தார். வயது எண்பத்து நான்கு. உடன்குடிப் பக்கத்துச் சிற்றூரொன்றில், ஏழு வயது முதல் அறுபது வயதுவரை கருப்பட்டி வைக்கும் பெட்டியும் கடகமும் சுளகும் முடைந்து வாழ்ந்தவர். இரண்டு ஆண்டுகளாக அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. தேநீரை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடிப்பார். சட்டைப் பொத்தானைப் போட ஆள் வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு வந்த பழைய பெட்டியொன்றைத் திருப்பிப் பார்த்து, அதன் அடியை எங்கிருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்று பேத்தி கேட்டாள். ஆச்சி வாயால் சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. "கையில குடு, காட்டுதேன்" என்றார். கையில் கொடுத்த ஓலை நடுங்கி நடுங்கி விலகியது. அவருக்குத் தெரிந்திருந்தது முழுவதும் விரல்களில் இருந்தது. அந்த விரல்களோ இப்போது அவர் சொல்லைக் கேட்பதில்லை.

பேத்தி அன்று இரவே ஊருக்குப் பேசினாள். மூன்றாம் நாள் திருச்செந்தூரிலிருந்து வரும் பேருந்தில் ஒரு கட்டு ஓலை வந்து இறங்கியது.

ஓலையின் குணம்

பனையோலை விசிறிபோல் விரிவது. மடிப்பு மடிப்பாக அமைந்த அதன் இதழ்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஈர்க்கு ஓடும். ஈர்க்கை நீக்கிவிட்டு, எஞ்சிய ஓலையை ஒரே அகலத்தில் நீளவாக்கில் கிழித்தெடுப்பதை வார்தல் என்பர். கிழித்தெடுத்த கீற்று வார். முற்றி விரிந்த ஓலை முரடானது. கூரைக்கும் வேலிக்கும் கடகத்திற்கும் அது உதவும். உச்சியில் இன்னும் விரியாமல் நிற்கும் குருத்தோலை வெளிறிய மஞ்சள் நிறமுடையது, துணிபோல் வளையும். நுண்ணிய வேலைகளுக்கெல்லாம் குருத்தே வேண்டும். ஆயினும் குருத்து மரத்தின் உயிர். அதை அளவின்றி வெட்டினால் மரம் மெலியும் என்பதைப் பனையேறிகள் நன்கறிவர். எனவே குருத்தோலைக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. வீணாக்கிய ஒவ்வொரு வாரும் அவளை உறுத்தியதற்கு அதுவே காரணம்.

முதல்நாள் காற்றாடி செய்தாள். இரண்டு துண்டு ஓலைகளை ஒன்றோடொன்று மடித்துக் கோத்து, நடுவில் உடைமுள்ளைச் செருகினால் காற்றாடி ஆயிற்று. சிறுவர்கள் செய்வது. இரண்டாம்நாள், உள்ளே சிறுகற்கள் போட்ட கிலுக்கு. மூன்றாம்நாள், பதநீர் குடிக்கும் பட்டை. அதற்கு முடைதலே தேவையில்லை, ஓலையைக் குவித்து மடக்கிக் கட்டினால் போதும். மூன்றையும் படமெடுத்துத் தோழியருக்கு அனுப்பினாள். பாராட்டுகள் குவிந்தன. தான் கைவினைக்கெனவே பிறந்தவளோ என்னும் எண்ணம்கூட அவளுக்கு வந்திருக்கலாம். ஆச்சி மட்டும் மூன்றையும் பார்த்துவிட்டு, "பிள்ளைய வெளாடலாம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நான்காம்நாள் உண்மையான முடைதல் தொடங்கியது. நெடுக்கே எட்டு வார். குறுக்கே எட்டு வார். ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழும் செல்ல வேண்டும். சொல்வதற்கு இவ்வளவே. முடையும்போது, காய்ந்த ஓலை மடிப்பில் முறிந்தது. நீரில் நனைத்தாள். நனைந்த ஓலை மெழுகுபோல் வளைந்து கொடுத்தது. கைம்மணையளவு சதுரம் ஒன்று இறுக்கமாக உருவாகிவிட்டது. மறுநாள் காலை பார்த்தபோது, அந்தச் சதுரத்தில் வாருக்கும் வாருக்கும் இடையே ஈர்க்கு நுழையும் இடைவெளி. ஈரத்தில் உப்பியிருந்த ஓலை காய்ந்து சுருங்கியதால் பின்னல் முழுவதும் தளர்ந்துவிட்டது. ஆச்சி அதை முன்னமே அறிவார். "பனி குடிச்ச ஓலையா இருக்கணும், மழை குடிச்சதா இருக்கப்படாது" என்றார். ஊரில் மாலையில் ஓலையை முற்றத்தில் போட்டுவைப்பார்களாம். இரவுப் பனியில் அது பதமாகும். விடியுமுன் எழுந்து, வெயில் வருவதற்குள் முடைந்துவிடுவார்களாம். மாடிவீட்டில் முற்றம் ஏது? ஈரத்துணியைப் பிழிந்து அதில் ஓலையைச் சுற்றிவைக்க அவள் பழகிக்கொண்டாள். எவ்வளவு பிழிய வேண்டும் என்பது பதினோராம் நாளில்தான் கைக்கு வந்தது.

நடுநாள்கள்

இத்தகைய உறுதிமொழிகளைப் பற்றிப் பேசுவோர் தொடக்கத்தையும் முடிவையுமே பேசுவர். நடுவில் உள்ள நாள்களைப் பற்றிப் பேசுவாரில்லை. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு அவள் படம் அனுப்புவதை நிறுத்தினாள். அனுப்புவதற்கு என்ன இருந்தது? தொடர்ந்து ஆறு நாள்கள் அவள் செய்தவை ஆறு கோணல் பெட்டிகள். அடி சதுரமாக வந்தால் மூலை எழும்போது கோணியது. மூலை சரியாக எழுந்தால் வாய் அகன்று பூப்போல் விரிந்தது. சுட்டுவிரலின் பக்கவாட்டில் ஓலை அறுத்த கீறல்கள். மழை ஓயாமல் பெய்ததால் கட்டில் இருந்த ஓலையில் பூசணம் படர்ந்தது. துடைத்துத் துடைத்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அலுவலகத்தில் மாத இறுதிக் கணக்கு முடிக்கும் வேலை. இரவு பத்து மணிக்குமேல் ஈரத்துணியை விரிக்கும்போது, இதை யாருக்காகச் செய்கிறோம் என்னும் கேள்வி எழுவதில் வியப்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு வழி கண்டாள். பகல் முழுவதும் அமர்ந்து மூன்று சிறு பெட்டிகளை முடைந்து வரிசையாக வைத்தாள். திங்களும் செவ்வாயும் ஓய்வு. கணக்கர்க்கு இயல்பாகத் தோன்றக்கூடிய ஏற்பாடுதான்; மொத்த எண்ணிக்கையில் குறைவு வராது. ஆச்சி கட்டிலில் படுத்தபடியே கேட்டார்:

"நாளைக்கித் திங்குற சோத்த இன்னைக்கே திம்பியாட்டி?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். ஆனால், திங்கள் இரவு மீண்டும் ஓலையைப் பிரித்து உட்கார்ந்தாள்.

அன்றன்றைய அளவை அன்றன்றே செய்வது எத்துணைக் கடினம் என்பதற்கு நம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1924ஆம் ஆண்டு, நாள்தோறும் அரைமணி நேரம் இராட்டையில் நூற்க வேண்டும் எனக் காந்தியடிகள் காங்கிரசாரை வற்புறுத்தினார். அவ்வாண்டு திசம்பரில் அவர் தலைமையில் கூடிய பெல்காம் காங்கிரசு, உறுப்பினர் ஆவதற்குப் பணச் சந்தாவுக்கு மாற்றாக மாதந்தோறும் 2000 கசம் நூல் தர வேண்டும் என விதித்தது. நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்ற நூலைக் கொடுக்கலாம் என்ற விலக்கும் உடன் இருந்தது. அடுத்த ஆண்டே நாலணாச் சந்தா திரும்பி வந்துவிட்டது. நூல் விரும்பியவர்க்கு மட்டும் என்றாயிற்று. நாட்டுக்காகச் சிறை செல்ல ஆயத்தமாக இருந்த பலருக்கு, நாள்தோறும் அரைமணி நேரம் தக்களியின் முன் அமர இயலவில்லை. இதை அவர்களின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பெருஞ்செயலுக்கு வேண்டிய துணிவு ஒருவகை. சிறுசெயலை நாள்தவறாமல் செய்வதற்கு வேண்டியது வேறுவகை. காந்தியடிகளிடம் இரண்டும் இருந்தன. சிறையிலும் அவர் இராட்டையை விடவில்லை.

அம்மாவின் மறுப்பு

இதுவரை அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லும்படி அவர் எதுவும் பேசவில்லை என்பதே காரணம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓலைக்கட்டு வந்து இறங்கிய அன்று, அதைக் கூடத்தில் வைக்க வேண்டாம் என்றார். முடைந்த பெட்டிகளை அவர் பார்ப்பதுமில்லை, பாராட்டுவதுமில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது ஊருக்குச் சென்றால், ஆச்சியின் பக்கத்தில் அமர்ந்து ஓலையைத் தொட விடமாட்டார். "கையில ஓலை ஏறுனா படிப்பு எறங்கிரும்" என்பது அந்நாளில் அவர் வாயில் அடிக்கடி வந்த சொல்.

இருபத்தேழாம் நாள் இரவு, வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், ஓலைமுடைதல் மனத்துக்கு எவ்வளவு அமைதி தரும் என்று வியந்து பேசினார். அவர் சென்றபின் அம்மா பேசினார். பள்ளி விட்டு வந்ததும் ஐந்து பெட்டி முடைந்தால்தான் தமக்குச் சோறு என்றார். தட்டை விளக்கொளியில் முடைந்து முடைந்து கண்ணில் நீர் வடியும் என்றார். சனிக்கிழமை வியாபாரி வருவான். வாய் கோணிய பெட்டிகளை ஒதுக்கித் தள்ளுவான். ஒதுக்கிய பெட்டிக்குக் காசு இல்லை. அந்தக் காசில்தான் அரிசி. "நீ இஷ்டப்பட்டு முடையுத. ஒரு நாள் விட்டா யாரும் ஒன்னையக் கேக்க மாட்டாக. நாங்க முடைஞ்சாத்தான் ஒலை கொதிக்கும். ரெண்டும் ஒண்ணுன்னு மட்டும் யாருட்டயும் சொல்லிராத."

அவள் அதற்கு விடை சொல்லவில்லை. விடை சொல்லக்கூடிய கூற்றும் அன்று அது. இன்று கைவினைகளைப் போற்றிப் பேசும் பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுவே. செட்டிநாட்டுக் கொட்டானும் உடன்குடிக் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன, மகிழத்தக்க செய்திகள். அப்பெருமைக்குப் பின்னால், நாள்தோறும் எண்ணிக்கை முடித்தாக வேண்டிய எத்தனையோ சிறுமியரின் மாலைப்பொழுதுகள் இருக்கின்றன. தன் மகள் அந்தத் திண்ணையில் அமரக்கூடாது என்று ஒரு தாய் விரும்பியதில் பழுதென்ன? அந்த விருப்பத்தால்தான் மகள் கணக்கராக இருக்கிறாள். மாதச் சம்பளம் வாங்குகிறாள். ஓலையை விலை கொடுத்து வரவழைக்கவும் முடிகிறது. அந்த விருப்பத்தால்தான், ஆச்சியின் கையறிவு இரண்டாம் தலைமுறையோடு நின்றும் போயிற்று. ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க இயலாது.

மறுநாள் அவள் முடையாமல் இருக்கலாமா என்று நெடுநேரம் எண்ணினாள். பிறகு முடைந்தாள். ஆனால், கூடத்தில் அமராமல் சமையலறையின் மூலையில் அமர்ந்து முடைந்தாள்.

திருக்கார்த்திகை அன்று எல்லாருக்கும் ஓர் இளைப்பாறுதல் கிடைத்தது. தென்மாவட்டங்களில் அந்நாளில் ஓலைக்கொழுக்கட்டை அவிப்பது வழக்கம். அரிசிமாவையும் கருப்பட்டியையும் தேங்காய்த் துருவலையும் பிசைந்து, குருத்தோலையின் மடிப்புக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பர். ஓலையின் மணம் மாவில் இறங்கும். அந்த மணத்துக்காகவே உண்பார்கள். அன்றைய நாளின் பொருள் என்று அவள் கணக்கில் எழுதிக்கொண்டது கொழுக்கட்டைக்கு மடித்துக் கட்டிய ஓலைகளைத்தான். இந்தக் கணக்கை ஆச்சியும் ஏற்றுக்கொண்டார். அம்மா மூன்று கொழுக்கட்டைகளைத் தின்றார். ஓலையைப் பிரிக்கும்போது அதைக் கிழிக்காமல், மடிப்பு மடிப்பாக விரித்து வைத்தார்.

முப்பத்தேழாம் நாள்

மூடியுள்ள கருப்பட்டிப் பெட்டியை அவள் ஏழுமுறை தொடங்கி ஏழுமுறையும் அவிழ்த்திருந்தாள். அடியில் முதல் நான்கு வார்களை எப்படிப் பிணைப்பது என்பதில் ஏதோ ஒரு நுட்பம் இருந்தது. அது சரியாக அமைந்தால்தான் நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் எழும். ஆச்சியின் சொல்லிலிருந்து அதைப் பிடிக்க முடியவில்லை. பழைய பெட்டியைப் பிரித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. முப்பத்தேழாம் நாள் இரவு, எட்டாம்முறை தொடங்கிய அடியைத் தரையில் வைத்துவிட்டு, தொலைபேசி அழைப்பொன்றுக்காக அவள் எழுந்து சென்றாள். அலுவலகத்துப் பேச்சு, கால்மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது அம்மா தரையில் அமர்ந்திருந்தார். ஒரு காலை மடக்கி, மறுகாலின் பெருவிரலால் ஓலையின் நுனியை அழுத்திப் பிடித்திருந்தார். பெருவிரலைக் கொண்டு பிடிக்கலாம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. அம்மாவின் கண்கள் ஓலையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. விரல்கள் மட்டும் ஓடின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓலையைத் தொடாத விரல்கள் ஓரிடத்திலும் தயங்கவில்லை. நான்கு மூலைகளும் எழுந்தபின் அவர் நிறுத்தினார். "பாத்தியா?" என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து சென்று, சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவினார். கட்டிலில் படுத்திருந்த ஆச்சி கண்களை மூடியிருந்தார். உறங்கினாரா என்பது தெரியவில்லை.

அந்த அடியை அவள் மேற்கொண்டு முடையவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, எந்த வார் எதன் கீழ் நுழைகிறது என்று வரைந்து வைத்துக்கொண்டாள். பிறகு தன் கையால் புதிதாக ஒன்றைத் தொடங்கினாள். அன்றைய நாளின் பொருள் நள்ளிரவுக்குச் சற்று முன்பு முடிந்தது. மூடி இல்லாத, ஆனால் நான்கு மூலைகளும் சமமாக எழுந்த பெட்டி.

எஞ்சிய நாள்களில் சொல்வதற்கு அதிகமில்லை. இரண்டு விசிறிகள், ஒரு சுளகு, ஒரு பாய்த்துண்டு, பெட்டிகள், மேலும் பெட்டிகள். சுளகு தோல்வி, புடைத்தால் அரிசி இடுக்கு வழியே கொட்டியது. ஓலைக்கட்டு யாரும் சொல்லாமலேயே சமையலறை மூலையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது. கீற்றின் அகலம் சீராக இல்லை என்று அம்மா ஒருநாள் நூலைக் கொண்டு அளந்து காட்டினார். அதற்குமேல் அவர் ஓலையைத் தொடவில்லை. தொடுமாறு மகளும் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் மாலை, மூடியோடு கூடிய கருப்பட்டிப் பெட்டியை அவள் ஆச்சியின் மடியில் வைத்தாள். ஆச்சி மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு சுட்டுவிரலைப் பெட்டியின் வாய்விளிம்பில் வைத்து, மெல்லச் சுற்றி வந்தார். நடுங்கும் விரல் விளிம்பில் தட்டித் தட்டி நகர்ந்தது. முக்கால் சுற்றில் நின்றது.

"இங்கன ஒரு வாரு தப்பியிருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள், எதுவும் தெரியவில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துவர உள்ளே சென்றார்.